உதிர்படலம்

முழங்கை மடிப்பில்தான் இரத்தம் எடுத்தேன்.
எல்லோருக்கும் அங்கேதான் எடுக்கிறோம்,
நரம்பு மேலாகக் கிடக்கிறது என்பதால்.
சேதி அங்கே இருக்கிறது என்பதால் அல்ல.

தையல்நாயகி, வயது இருபத்தொன்பது,
கோட்டூர்ப் பக்கம், முப்பத்துநாலாவது வாரம்.
முந்தைய இரண்டும் அவசரப்பட்டுப் பிறந்தவை.
ஒன்றுக்குப் பேர்கூட வைத்திருந்தார்கள்.
என்ன பேர் என்று கேஸ் ஷீட்டில் இல்லை.

திருவாரூர், தை மாதம், இரவு ஷிப்ட்.
இயந்திரம் நாற்பது நிமிடம் முனகிவிட்டு
புரோஜெஸ்டிரோன் சரி என்றது.
சரி என்று அச்சடித்தேன்.
அவளுக்கு ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை வலி.

கவுன்டர் கண்ணாடிக்கு வெளியே அவள் புருஷன் வைரக்கண்ணு.
கோரையாற்றில் ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கர்.
சட்டையில் கிரீஸ் மணம்.
"அளவு சரின்னா வலி எப்புடிம்மா?"

படித்ததை வாய்க்குள் தேடிக்கொண்டிருந்தேன்.
அவரே சொன்னார்:
"மேட்டூர்ல நூத்திப்பத்து அடி நிக்கும்.
பேப்பர்லயும் போடுவான்.
எங்க கடைமடையில பாளம் வெடிச்சுக் கெடக்கும்."
சொல்லிவிட்டு செல்போனைப் பார்த்தார்.

நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கர்ப்பப்பையின் உள்பக்கம், ஈரத் தாள் கனத்தில் ஒரு படலம்.
விருந்தாளி வருமுன்பே மாதாமாதம்
இலை விரித்து வைக்கும். வராவிட்டால் உதிரும்.
உதிரம் என்ற சொல் உதிர்வதிலிருந்துதான் வந்ததா,
எனக்குச் சொல்லாராய்ச்சி தெரியாது.

தலையிலிருந்து வரும் உத்தரவுக்கு அது காத்திருப்பதில்லை.
பால் சுரக்கச் சொல்லும் புரோலாக்டினை
ஒரு சொட்டுப் பால் இல்லாத இடத்தில்
தானே செய்துகொள்கிறது.
நிறுத்து என்று மூளை அனுப்பும் தாக்கீது
அந்த எல்லைக்குள் செல்லாது.

தாயின் பதற்றம் பிள்ளைக்குப் போகாமல்
கார்டிசோலை ஊமையாக்குகிறது நஞ்சு.
அடுத்த வீட்டிலேயே இந்தப் படலம்
அதே ஊமையைப் பேசவைக்கிறது.
சண்டையா, ஏற்பாடா?
பத்து வருஷமாகச் சில்லு வெட்டுகிறேன்,
எனக்குத் தெரியவில்லை.

புரோஜெஸ்டிரோன் உயிரணுவின் வாசல்வரை வருகிறது.
உள்ளே கால் வைத்ததும்
ஒரு நொதி அதை வேறொன்றாக மாற்றிவிடுகிறது.
ஆற்றில் ஓரங்குலம் குறையாது.
முழங்கையில் குத்துபவளுக்கு என்ன தெரியும்.

இரண்டு நாற்பதுக்குப் பெண் குழந்தை.
இரண்டு கிலோ நூறு.
கொஞ்சம் யோசித்துவிட்டு அழுதது என்றாள் சகாயராணி,
வாளியை என் மேசையடியில் வைத்தபடி.
ஆராய்ச்சிக்குத் தர சம்மதம், கைநாட்டு இல்லை, கையெழுத்து,
'தை'யின் கொம்பு நடுங்கியிருந்தது.

பனிக்குடச் சவ்விலிருந்து படலத்தைச் சுரண்டி எடுத்தேன்.
குப்பியில் நூற்றுப்பதினேழு என்று எழுதினேன்.
மைனஸ் எண்பதுக்குள் வைத்துக் கதவைச் சாத்தும்போது
மின்சாரம் போய், ஜெனரேட்டர் இருமி,
வந்தது.

விடியும் முன் வைரக்கண்ணு மறுபடி வந்தார்.
குழந்தையைக் கண்ணாடி வழியாகக் காட்டினார்களாம்.
நின்றார். போகவில்லை.

"ராத்திரி வாட்ஸப்புல வந்துச்சும்மா, ஷட்டரை எறக்குன்னு.
எறக்கிட்டேன்னு பதில் போட்டுட்டுத்தான் கிளம்பி வந்தேன்."
சுற்றிலும் பார்த்தார்.
"நாலு வெரக்கடை விட்டுத்தான் எறக்கினேன்.
கீழ மூணு ஊர்ல
பயிரு பால் புடிக்கிற நேரம்."

"ரெஜிஸ்டர்ல?"

"மூடியாச்சுன்னுதான்."

எவ்வளவு என்று காட்ட
நாலு விரலைச் சேர்த்துக் கண்ணாடியில் வைத்திருந்தார்.
நான் என் தாளை எடுத்து, புரோஜெஸ்டிரோன் சரி,
அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அவர் போய் ஒரு வாரம் ஆகிறது.
கிரீஸ் தடம் கவுன்டரில் அப்படியே இருக்கிறது.
துடைக்க வந்த பெண்ணிடம்
அதை மட்டும் விடச் சொல்லியிருக்கிறேன்.
காரணம் கேட்டாள்.
அளவு, என்றேன்.